போகாத கப்பல், போன கப்பல்

நேற்று மதியம் புதுப்பட்டினத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் பேருந்தில் போனேன். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் முன்சீட்டில் இருந்த பெண் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தாள். நகத்தால் தோலைக் கீறி மூக்கருகே வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். டீசல் புகையோடு கலந்து அந்த வாசனை என்னிடம் வந்தது. வயிறு புரட்டுகிறவர்களுக்கு அது ஆறுதல். எனக்குப் பற்கள் நறநறத்தன. நீ போய் ஐந்து வருஷம் ஆகிறது, இன்னும் ஒரு பழத்தின் தோல் போதும் எனக்கு உன்மேல் கோபம் வர.

சாவு ஒருவனை நல்லவனாக்கிவிடும் என்று நினைத்துத்தான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். உன்னை அது ஆக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பதினான்கு வருஷம் ஒரே ஒர்க்‌ஷாப், ஒரே ஷிப்ட், பஸ்ஸில் ஒரே இருக்கை. நீ செங்கல்பட்டு ஏரிக்கரையில் பிறந்தவன், நான் செய்யூர்ப் பக்கத்துக் கடலைக்காட்டுக்காரன். டவுன்ஷிப் முழுக்கத் திருநெல்வேலியும் கோயம்புத்தூரும் நிறைந்திருந்த இடத்தில் நாம் இருவரும் மண்ணின் ஆட்கள் என்று தோளில் கைபோட்டுக்கொண்டு திரிந்தோம். ஆபீசில் யாருக்காவது எல்.டி.சி. பயணச் சலுகை வந்து குடும்பத்தோடு அந்தமானுக்குக் கப்பலில் போகலாம் என்று நினைத்தால் முதலில் உன் மேசைக்குத்தான் வருவார்கள். கல்யாணமான புதிதில் மனைவியோடு கப்பலேறிப் போய்வந்த முதல் ஆள் நீதான். கேன்டீனில் சாம்பார்க் கிண்ணத்தை ஒதுக்கிவிட்டு, தண்ணீர் தொட்ட விரலால் மேசைமேல் கப்பல் வரைவாய்.

உன் யோசனைகள் எனக்கு இன்னும் மனப்பாடம். துறைமுகத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போ, வரிசை நீளம். கீழ்ப்படுக்கையைக் கேட்டு வாங்கு, மேலே ஆட்டம் அதிகம். பெரிய பெட்டியைச் சங்கிலி போட்டுக் கட்டு, மூன்று நாளுக்கான துணியும் மருந்தும் கைப்பையில் இருக்கட்டும். பருத்தித் துணிதான், நைலக்ஸ் கட்டினால் உப்புக் காற்றில் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். ரப்பர் செருப்பு போடு, ஈர இரும்புத் தரையில் தோல் செருப்பு சறுக்கும். மேல்தளத்து வெயிலை நம்பாதே, காற்றடிக்கிறதே என்று நின்றால் சாயங்காலம் தோல் உரியும். எல்லாம் சரி. கப்பலில் ஏறிப் பார்த்தபோது ஒவ்வொன்றும் சரியாகத்தான் இருந்தது. அதனால்தான் அந்த ஒன்றையும் நம்பினோம்.

அந்த ஒன்று உன் வாயாலேயே இருக்கட்டும். “கப்பல் ஏர்றதுக்கு முந்தின நாள்லேர்ந்து வயித்தக் காயப் போட்டுடணும் மச்சான். உள்ள இருந்தாத்தான வெளிய வரும்? பொரட்டினா எலுமிச்சம்பழத்த மோந்துக்கணும்.”

இதை நீ என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, என் அம்மாவிடம் சொன்னாய்.

அம்மா ஏன் போனாள் என்று உனக்குத் தெரியும். அவளுடைய ஒரே தம்பி இருபது வயதில் கூலி வேலைக்கு அந்தமான் போனவர். மாயாபந்தரில் நிலம் திருத்தி, அங்கேயே பெண் கட்டி, ஊர்ப்பக்கமே வரவில்லை. முப்பது வருஷம் கழித்து அவர் மகன் எழுதிய கடிதம் வந்தது. பக்கவாதம், ஒரு கையும் காலும் வரவில்லை, அக்காவைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறார் என்று. பிள்ளைகளுக்குப் பரீட்சை, என் மனைவி வீட்டில் இருந்துகொண்டாள். அம்மாவும் நானும் கிளம்பினோம்.

அம்மாவுக்குச் சர்க்கரை. வேளைக்குச் சாப்பிட வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். கிளம்பும் நாள் காலையில் இட்லித் தட்டை அவள் தள்ளி வைத்தபோது ஒரு தடவை சொல்லியும் பார்த்தேன். “போயிட்டு வந்த புள்ள சொல்லுது, நீ சும்மா இரு” என்றாள். சும்மா இருந்தேன். மாத்திரையை மட்டும் அவள் ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரை, மூக்கில் எலுமிச்சம்பழம். நீ சொன்னது சொன்னபடி.

முதல் நாள் முழுக்க வெறும் பித்தமாக வாந்தி எடுத்தாள். இரண்டாம் நாள் காலை உடம்பெல்லாம் வியர்த்து, கை ஐஸாகி, என்னைத் தன் தம்பியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கப்பலில் ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. நீ வரைந்த கப்பலில் அது இல்லை. பக்கத்துப் படுக்கைக்காரர்கள் இரண்டு பேர் போர்வையில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் நம் ஊர்க்காரப் பெண்மணி, குளுக்கோஸ் ஏற்றிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். “சர்க்கரை மாத்திரை போட்டுட்டுச் சாப்பிடாம இருக்கச் சொன்னது யாரு?” என்று கேட்டார். நண்பன் என்றேன். கப்பலில் வெறும் வயிறுதான் அதிகம் புரட்டும், இரண்டு மணிக்கு ஒரு தரம் ரொட்டியோ வாழைப்பழமோ கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போக வேண்டும், வாந்தி மாத்திரையை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போட வேண்டும், வந்தபின் போட்டுப் பயனில்லை என்றார். வகுப்பில் பெஞ்சு மேல் ஏற்றப்பட்டவன்போல நின்று கேட்டுக்கொண்டேன்.

உயிர் பிழைத்தாள். ஆனால் மயக்கத்தில் எடுத்த வாந்தி நெஞ்சுக்குள் இறங்கிச் சளி கட்டிவிட்டது. போர்ட் பிளேரில் இறங்கி நேராக ஆஸ்பத்திரி. பத்து நாள். மாயாபந்தர் அங்கிருந்து ஒரு பகல் முழுக்கப் பஸ், அவளால் எழுந்து உட்காரவே முடியவில்லை. தம்பியால் வர முடியாது. தம்பி மகன் வந்து ஒரு நாள் கட்டில் அருகே உட்கார்ந்துவிட்டுப் போனான். அவள் கொண்டுபோயிருந்த வேட்டியையும் வறுத்த கடலையையும் அவன் கையில் கொடுத்தாள். திரும்பும் கப்பலில் அவள் வேளாவேளைக்குச் சாப்பிட்டாள்.

அந்தக் கப்பலில்தான் எனக்குச் சந்தேகம் தட்டியது. நீ சொன்ன இடத்தில் சாப்பாட்டுக் கூடம் இல்லை. மேல்தளத்துக்கு ஏறும் படிக்கட்டு நீ சொன்னதுபோல் மரமில்லை. போய்வந்த பிறகு நீ வீடுவீடாகக் கொடுத்தாயே சங்கு, என் வீட்டு டிவி மேல் ஒன்று இருந்தது, அதைப் போல நூறு மாமல்லபுரத்துக் கடைகளில் தொங்குகின்றன. ஆபீஸ் பிக்னிக் போகும்போதெல்லாம் எல்லோரும் அலையில் கால் நனைக்க, நீ மட்டும் மணலில் உட்கார்ந்து செருப்புகளுக்குக் காவல் இருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

புதுப்பட்டினம் கடைத்தெருவில், டீக்கடை வாசலில், நம் ஷிப்ட் ஆட்கள் பத்துப் பேர் பார்க்க உன்னைப் பிடித்தேன். கப்பலில் ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் என்று கேட்டேன். சிரித்து மழுப்பினாய். டாக்டர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் உன் முகத்தில் வீசினேன். டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாய்.

“நான் போவல மச்சான். ஏழு படி ஏறினேன். கீழ தண்ணி தெரிஞ்சுது. காலு வரல.”

பின்னால் வந்தவர்கள் கத்தியதையும், இறங்கிவந்து பத்து நாள் துறைமுகத்துக்குப் பக்கத்துப் பாரிமுனை லாட்ஜில் மனைவியோடு தங்கிவிட்டு ஊர் திரும்பியதையும் சொன்னாய். முதலில் கேட்டவனிடம் ஆமாம் போனோம் என்று ஒரு வார்த்தை சொன்னாயாம். அடுத்தவன் கேட்டபோது இரண்டு வார்த்தை சொல்ல வேண்டி வந்ததாம். பிறகு போய்வந்தவர்களிடமே கேட்டுக் கேட்டு, போகப்போகிறவர்களுக்குச் சொன்னாயாம். வயிற்றைக் காயப்போடுவது மட்டும், பஸ்ஸில் புரட்டாமலிருக்க நீயே செய்துகொள்வதாம்.

எனக்குப் பாவமாக இல்லை. “எங்கம்மாவுக்கு அவ தம்பிய நீ காட்டுவியா?” என்று கேட்டுவிட்டு நடந்தேன். அன்றிலிருந்து உன் பக்கத்தில் உட்காரவில்லை.

அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் போயிருக்கும். பகல் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால், உள்ளே யாரோ ஆண் குரல். இழுத்து இழுத்து, நாக்குப் புரளாமல் பேசுகிற குரல். அம்மா தரையில் உட்கார்ந்து டேப்ரெக்கார்டருக்கு முன்னால் குனிந்திருந்தாள்.

“யக்கா… நீ கப்பல்ல வந்துகினு கீறேன்னு சொன்னாங்க. மீன் வாங்கி வெக்கச் சொன்னேன்.”

எனக்குத் தெரியாமல் நீ என் வீட்டுக்கு வந்து அவள் குரலைக் கேசட்டில் பிடித்திருக்கிறாய். லீவு போட்டுக் கப்பல் ஏறி, மாயாபந்தர் போய் அவருக்குப் போட்டுக் காட்டி, அவர் குரலைக் கொண்டுவந்து அன்று காலை அவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன். அம்மா திரும்பிப் பார்த்தாள்.

“போவாத புள்ள போயிட்டு வந்துட்டுது. இன்னும் இன்னாடா வேணும் உனக்கு?”

அவள் ஒரே நிமிஷத்தில் உன்னை மன்னித்துவிட்டாள். அவளுக்காகத்தானே நான் கோபப்பட்டேன்? அவளே விட்டுவிட்ட பிறகு அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? யாரைக் கேட்டு இதைச் செய்தாய்? என்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்தால் வந்திருப்பேனா என்று கேட்காதே. வந்திருக்க மாட்டேன். ஆனாலும் நீ கேட்டிருக்க வேண்டும்.

மறுநாள் பஸ்ஸில் ஜன்னலோரம் நகர்ந்து இடம் விட்டாய். ஆபீஸ் கேட் வரும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தேன். மாமா அந்த மழைக்காலத்தில் இறந்துபோனார். அதற்கும் நான் உன்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. டீக்கடைக் கதை ஒர்க்‌ஷாப் முழுக்கப் பரவி, சின்னப் பையன்கள் உனக்குக் கேப்டன் என்று பெயர் வைத்தார்கள். “கேப்டன், இன்னிக்கு அலை எப்பிடி கீது?” என்பார்கள். நீ சிரித்துக்கொண்டே லேத்தை ஓட்டுவாய். நீ போய்வந்தது அந்த இடத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். ‘அவன் போனான்டா’ என்று ஒரு தடவை நான் சொல்லியிருந்தால் அந்தப் பெயர் அன்றோடு போயிருக்கும். சொல்லவில்லை. வருஷக்கணக்காகச் சொல்லவில்லை. நீயாவது சொல்லியிருக்கலாமே? போகாத கப்பலைப் பற்றிப் பத்து வருஷம் மேசைமேல் படம் வரைந்தவன், போன கப்பலைப் பற்றி ஏன் வாயைத் திறக்கவில்லை?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மார்க்கெட் போய்வந்து நாற்காலியில் உட்கார்ந்த நீ எழவில்லை என்றார்கள். வந்தேன். வாசலில் நின்றேன். அம்மாதான் உள்ளே போய் அழுதாள்.

காரியத்தன்று உன் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். கேசட்டோடு நீ கிளம்பியபோது வழியனுப்பத் துறைமுகம் வரை வந்தாளாம். படியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, முன்னால் போன முன்பின் தெரியாத ஆளின் தோளைப் பிடித்துக்கொண்டே ஏறினாயாம். மூன்று நாளும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாயாம், கடலை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லையாம். டீக்கடையில் நான் கத்தியதை அன்றைக்கே ஒரு தாளில் எழுதி வைத்திருந்து, கடிகாரம் பார்த்து இரண்டு மணிக்கு ஒரு தரம் ரொட்டி தின்றாயாம். திரும்பி வந்ததும், இப்போதாவது உண்மையைப் போய்ச் சொல்லுங்கள் என்று அவள் கெஞ்சியிருக்கிறாள்.

“கப்பல்ல போனேன்னு ஒரு தபா சொன்னது போதும்னுட்டாருண்ணா” என்றாள்.

அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இப்போது கப்பல் என்றால் டவுன்ஷிப்பில் என்னைத்தான் கேட்கிறார்கள். நேற்று செங்கல்பட்டிலிருந்து திரும்பி அந்தக் கோபத்தோடேயே வீட்டுக்கு வந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் காத்திருந்தாள். ஐ.டி. ஆபீசில் வேலை, கல்யாணமாகி ஆறு மாதம், அவளும் கணவனும் சிங்கப்பூர்ப் பக்கம் சொகுசுக் கப்பலில் போகப்போகிறார்களாம். காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தாள். மருந்தும் பாஸ்போர்ட்டும் மாற்று உடையும் கைப்பையில், பெரிய பெட்டி அறைக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகலாம் என்றேன். அறை கேட்கும்போது கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் கேள். மெல்லிய பருத்தி உடை, தொப்பி, மேகம் மூடியிருந்தாலும் வெயிலுக்கான களிம்பு. தலை சுற்றினால் வெளியே வந்து தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பார். வயிற்றைக் காயப்போடாதே, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுக்கொண்டே இரு. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். எழுந்தவள் தயங்கினாள். தண்ணீர் என்றால் பயம், இதைக் கணவரிடம்கூடச் சொல்லவில்லை என்றாள்.

அப்போது சொன்னேன். ஏழு படியையும் சொன்னேன், பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஏறியதையும் சொன்னேன். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக, உனக்காக, இன்னொரு ஆளிடம். அவள் பேனாவை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அவரு உங்க ஃப்ரெண்டா அங்கிள்?” என்றாள்.

ஆமாம் என்று சொல்ல எனக்கு வெகுநேரம் பிடித்தது. அதற்குள் அவள் வேறு ஏதோ கேட்கத் தொடங்கிவிட்டாள். அதற்கும் சேர்த்துத்தான் உன்மேல் கோபமாக இருக்கிறேன்.