வெளியில் நின்ற நாட்கள்

இன்று காலை கிளினிக்கில் காத்திருந்தபோது, தரை கழுவிய மருந்தின் மணம் வந்தது. அன்று ஹீத்ரோ விமான நிலையத்தில் என்னை இருத்தி வைத்த அறையிலும் இதே மணம்தான். எனக்கு எழுபது கடந்துவிட்டது. பிரித்தானியக் கடவுச்சீட்டு அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது. ஆனாலும் கைப்பைக்குள் அதைத் தேடினேன். கொன்வென்டில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த உம்மிடம் அல்லாமல் வேறு யாரிடம் இதைச் சொல்வேன்?

எங்களுக்கு இங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி கிடைத்திருந்தது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் முன்னரே என் கணவர் காலமானார். ஊரில் பதினெட்டு வருடம் கணிதம் படிப்பித்த எனக்கு லண்டன் பாடசாலைகள் தர முன்வந்தது சாப்பாட்டு மேசை துடைக்கும் வேலை. சாம்பியாவில் கன்னியர் மடம் நடத்தும் பாடசாலையொன்று ஒரு வருட ஒப்பந்தம் அனுப்பியதும் பெட்டியை அடுக்கினேன். இங்கே ரெய்னர்ஸ் லேனில் உமது வீட்டு மேலறை என் விலாசமாயிற்று.

"போம். ஆனா நாட்களை எண்ணும்," என்றீர். ஐந்து வருடத்தில் நானூற்றைம்பது நாளுக்கு மேல் வெளிநாட்டில் நின்றால் குடியுரிமை தள்ளிப்போகும். ஒரேயடியாக இரண்டு வருடம் தாண்டினால் திரும்பி உள்ளே வருவதே சந்தேகம். உமது குசினிக் கலண்டரில் நான் இல்லாத ஒவ்வொரு நாளையும் கோடு கீறி வெட்டினீர். கடிதங்களின் மூலையில் அந்த எண் ஏறிக்கொண்டே வந்தது.

ஒப்பந்தம் முடிந்தபோது, சோதனை எழுதவிருந்த பிள்ளைகளை விட்டு வர மனம் வரவில்லை. இன்னொரு தவணை நின்றேன். அடுத்த கடிதத்தில் நீர் சுகம்கூட விசாரிக்கவில்லை. "நானூற்றைம்பது தாண்டிவிட்டது. கணக்கு ரீச்சருக்குக் கூட்டத் தெரியாதோ?"

அந்த வரி திரும்பும் விமானப் பயணம் முழுக்க என்னை அரித்தது. தாண்டினால் என்னவாகும் என்று ஒருவரிடமும் கேளாமல், திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நானே முடிவு கட்டினேன். அனுப்பினால் சண்டை நடக்கிற எங்கள் ஊருக்குத்தான். அங்கே வீடும் இல்லை. இவ்வளவு காலம் எங்கே இருந்தீர்கள் என்று ஹீத்ரோவில் குடிவரவு அதிகாரி கேட்டார். சுகமில்லாத உறவினரைப் பார்க்கப் போய்த் தங்கிவிட்டேன் என்றேன். பொய் சொன்ன பிள்ளைகளை வாங்கில் ஏற்றி நிறுத்திய நான், அதைச் சுத்தமான ஆங்கிலத்தில், தடுமாறாமல் சொன்னேன். அவர் என்னை ஓர் அறையில் இருத்திவிட்டு, என் விலாசத்துக்குரிய உமக்குத் தொலைபேசி எடுக்கப் போனார்.

நீர் பொய் சொல்ல மாட்டீர் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு மணித்தியாலமும் உமது நேர்மைக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன்.

திரும்பி வந்த அதிகாரி கோபிக்கவில்லை. நான் படிப்பித்துவிட்டு வருவதாக நீர் சொன்னீராம். இரண்டு வருடத்துக்குள் திரும்பிவிட்டீர்கள், வீடு இங்கே இருக்கிறது, வேலைக்குப் போனது குற்றமுமில்லை என்றார். பின் ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டார். பிறகு கடவுச்சீட்டை எடுத்து முத்திரை குத்தித் தந்தார்.

அன்று வீட்டில் சோறு போட்டுத் தந்தீர். கோப்பை கழுவும்போது, திரும்பிப் பாராமலே சொன்னீர்: "நீர் என்ன சொன்னனீர் எண்டு தெரிஞ்சிருந்தா நானும் அதையேதான் சொல்லியிருப்பன். நல்ல காலம், தெரியேல்லை."

வெளியில் நின்ற அந்த நாட்கள் ஐந்து வருடக் கணக்கிலிருந்து கழியும்வரை நான் இந்த நாட்டை விட்டு நகரவில்லை. சென்னையில் அக்கா இறந்தபோதும் போகவில்லை. பிறகு விண்ணப்பப் படிவத்தில் வெளியில் நின்ற காலத்தையும் காரணத்தையும் உள்ளபடி எழுதி, என் நன்னடத்தைக்குச் சாட்சிக் கையெழுத்துக் கேட்டு உம்மிடம் நீட்டினேன். முழுவதையும் வாசித்தீர். "ஹீத்ரோவிலை சொன்ன பொய்யை எழுத ஒரு கட்டம் விடேல்லையோ?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்திட்டீர்.

குடியுரிமைப் பத்திரம் தபாலில் வந்தபோது நீர் உயிரோடு இல்லை.

மேசைக்கு அந்தப் பக்கமிருந்து யாராவது கேள்வி கேட்டால் இன்றும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஆனால் முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பயப்படுவது அதற்குப் பிறகுதான்.