ஃபிலுவுக்குத் தெரிந்த வார்த்தை

புதன், இரவு.

தண்ணீர் கேன் போடும் குமார் காலையில் கேட்டருகே வந்து நின்றான். கையை நீட்டி "உள்ள வா" என்றேன். அண்ணனின் நாய் ஃபிலு அவன்மேல் பாய்ந்துவிட்டது. நல்லவேளை, சட்டைதான் கிழிந்தது.

பாரீஸ் போயிருக்கும் அண்ணனுக்கு போன் செய்தேன்.

"'வா'ன்னியா? ஃப்ரெஞ்சுல அது 'போ'டா. கைய நீட்டி அப்படிச் சொன்னா, எதிர்ல நிக்கிறவனப் புடின்னு பழக்கியிருக்கேன். வேலை செய்யவே பொறந்த ஜாதி அது. தெனம் காலைல பீச்ல ஓட விடுறியா?"

"விடுறேண்ணே" என்றேன். தெருமுனை வரைக்கும்தான் கூட்டிப்போகிறேன். கட்டும் வாரை நேற்றே கடித்துத் துப்பிவிட்டது. பின்கட்டில் பூட்டி வைத்திருக்கிறேன். அந்தக் கதவிலும் கீழ்ப்பலகை பாதிதான் மிச்சம். சாயங்காலத்திலிருந்து அதைத்தான் பிறாண்டிக்கொண்டிருக்கிறது.

தங்கச்சி இன்று மகளோடு வந்திருக்கிறாள். குழந்தை இப்போதுதான் பேசப் பழகுகிறாள். யாரைப் பார்த்தாலும் கையை நீட்டி "வா, வா" என்கிறாள். வேறு வார்த்தை இன்னும் வரவில்லை. தங்கச்சிக்கு அதில் அவ்வளவு பெருமை. குமாருக்கு நடந்ததைக் காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

பிறாண்டும் சத்தம் நின்றுவிட்டது.

அடுத்த அறையில் குழந்தை விழித்துக்கொண்டு யாரையோ கூப்பிடுகிறாள்.