யோகேஸ்வரிக்கு வந்த தொலைபேசி அழைப்பு

என் செல்லத் தங்கச்சி யோகம்,

நீ போன பிறகு உனக்காக நான் பத்திரிகையில் ஒரு நினைவஞ்சலிகூடப் போட்டதில்லை. உன் படத்தையும் அதன் கீழே நாலு வரிக் கவிதையையும் கண்டால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய் என்று எனக்குத் தெரியும். உனக்குச் சொல்லக்கூடிய ஒரு செய்தி கிடைக்கட்டும் என்று பொறுத்திருந்தேன். இப்போது கிடைத்திருக்கிறது. ஊரார் வாசிக்கிற இடத்தில்தான் எழுதுகிறேன். கேட்கிறவர்கள் கேட்கட்டும்.

உன் மகள் தர்ஷினி இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தாள். பாடம் செயற்கை நுண்ணறிவு. முகத்தை அப்படி வைக்காதே, நானும் முதலில் அப்படித்தான் வைத்தேன். இயந்திரத்துக்கு யோசிக்கப் பழக்குகிற படிப்பாம். நான் புள்ளிவிபரம் படித்தவள். படித்து முடித்த நாளிலிருந்து கச்சேரியில், அதுதான் மாவட்ட அரசாங்கக் கந்தோரில், சனங்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஒரு கிராமத்தை எண்ணி முடிப்பதற்குள் அந்தக் கிராமமே எழும்பிப்போய் ஏதாவதொரு பாடசாலையில் பாய் விரித்திருக்கும். அப்படிப்பட்ட எண்களை வைத்து ஓர் இயந்திரம் யோசிக்கும் என்றால் எப்படி நம்புவேன்?

"யோசிக்கிற மனிசரையே நான் குறைவாத்தான் கண்டிருக்கன்" என்றேன்.

"அதான் பெரியம்மா, மெசினுக்காவது படிப்பிச்சுப் பாப்பம்" என்றாள்.

வாய் உன்னுடையதுதான். அதில் ஒரு சந்தேகமும் இல்லை.

எப்படி இதற்குள் போனாள் தெரியுமா? முந்நூற்றிநாலு விளையாட்டால். நீ விடிய எழும்பினால் தேடுகிற அதே சீட்டாட்டம். டவுனில் கணினி வகுப்புக்குப் போனவள், மற்றப் பிள்ளைகள் தட்டச்சுப் பழகிக்கொண்டிருக்க, கணினிக்கு முந்நூற்றிநாலு பழக்கத் தொடங்கிவிட்டாள். சதுரங்கம் என்றால் எல்லாக் காயும் கண்ணுக்கு முன்னால் கிடக்கும், கணினிக்கு அது சுகம் என்றாள். எங்கள் ஆட்டத்தில் கேள்வி கேட்டவர், இத்தனை புள்ளி எடுப்பேன் என்று கூடுதலாக ஏற்றிக் கேட்டவர், துரும்புச் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிடுவார். மற்றவர் கையில் இருப்பது தெரியாது. எதிரே இருக்கிற எங்கள் சோடியின் மனதை வாய் திறக்காமலே பிடிக்க வேண்டும். தெரியாததை வைத்துக்கொண்டு முடிவெடுப்பதுதான் கஷ்டமான வேலை என்றாள். அந்த இடத்தில் நான் கொஞ்சம் அசைந்துபோனேன். இத்தனை வருடச் சண்டையில் நாங்கள் வேறு எதைச் செய்தோம் யோகம்?

சண்டை இப்போது நின்றிருக்கிறது என்கிறார்கள். நிற்பதும் சண்டையின் ஒரு பகுதி என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் தபால் வருகிறது, லைட் முக்கால்வாசி நாள் எரிகிறது. ஒரு பிள்ளை வெளிநாட்டுக்கு விண்ணப்பம் போட அது போதுமாக இருந்தது.

உதவித்தொகை கிடைத்தால் பயணம், கிடைக்காவிட்டால் இல்லை. நிலைமை அவ்வளவுதான். அதற்கான பக்கத்தில் ஒரு பகுதி இருந்தது: உங்கள் வாழ்வில் நேர்ந்த இடர்களை விவரிக்கவும். பிள்ளைகளுக்கு விண்ணப்பம் எழுத உதவுவதற்குக் கொழும்பிலிருந்து ஒரு பொடியன் வந்திருந்தான். நல்ல பொடியன். "தங்கச்சி, இதுதான் உங்கட பலம். அம்மாட கதைய எழுதுங்க. வாசிக்கிறவன் அழோணும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் சொன்னது சரி என்றே நானும் நினைத்தேன். உலகம் எப்படி நடக்கிறது என்று தெரிந்த வயது எனக்கு.

"எழுது புள்ள. நடந்ததத்தானே எழுதப் போறாய். பொய்யா?"

"அம்மா செத்தது என்ட தகுதியா, பெரியம்மா?"

"தகுதி எண்டு ஆர் சொன்ன? நடந்தது எண்டு எழுது."

"நடந்ததுக்கு மாக்ஸ் போடுவாங்களா? எத்தின போடுவாங்க? கத்தார்ல இருக்கிற அப்பாவும் செத்திருந்தா கூடப் போடுவாங்களா?"

பிறகு சில நாள் சோறு, கறி, உப்பு என்பதைத் தவிர வீட்டில் வேறு கதை இல்லை. அந்தப் பகுதியை வெறுமையாக விட்டால் உதவித்தொகை வராது என்று எனக்குத் தெரியும். தான் அதை வெறுமையாகத்தான் விடப்போவது அவளுக்கும் தெரியும்.

ஒரு மாலை குசினி வாசலில் வந்து நின்றாள். "பெரியம்மா, அம்மா எப்பிடி விளையாடுவா?" என்று கேட்டாள்.

யோகம், நீ போகும்போது அவளுக்கு ஆறு வயது. நீ செத்த விதத்தை அந்தந்த வயதுக்கு ஏற்ற அளவில் அவளுக்குச் சொல்லியிருக்கிறோம். நான் சொன்னேன், மாமா சொன்னார், அயலவர்கள் சொன்னார்கள். நீ சீட்டு விளையாடிய விதத்தை ஒருவரும் சொல்லவில்லை. அன்றைக்குச் சொன்னேன். கையில் ஒன்றுமே இல்லாமல், கோயிலில் நிற்கிறவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நீ கேள்வியை ஏற்றுவதைச் சொன்னேன். சின்னமாமா தோற்ற ஆத்திரத்தில் சீட்டுக்கட்டைக் கிணற்றுக்குள் போட்டதையும், நீ வாளியால் அள்ளி எடுத்து, வேலியில் காயவைத்து, ஊறிப்போன அதே கட்டால் அவரை மறுபடி தோற்கடித்ததையும் சொன்னேன். கறி அடிப்பிடித்துவிட்டது. நாங்கள் இருவரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அவள் எழுதியது அதைத்தான். வெறுங்கையோடு கேள்வியை ஏற்றுகிற ஒரு பெண்ணை ஓர் இயந்திரம் எப்படிக் கண்டுபிடிக்கும்? அந்தப் பெண்ணைப்போல் துணிய அதற்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது? இதற்குத் தன் கணினி இதுவரை கொடுத்த பிழையான விடைகள் எவை? இடர்கள் என்ற பகுதியில் ஒரு சொல்லும் இல்லை.

தொலைபேசியில் நேர்முகம் வைப்பதாகப் பதில் வந்தது. எங்கள் வீட்டில் போன் இல்லை. காத்தான்குடியில் புடவைக்கடையோடு கொமியுனிகேஷனும் வைத்திருக்கிற ஹாஜியாரின் இலக்கத்தைக் கொடுத்திருந்தோம். வளைகுடாவிலிருந்து கோல் வருகிற கடை. லைன் தெளிவாக இருக்கும். எல்லாம் ஒழுங்காக இருந்தது. நேர்முகத்துக்கு முதல் நாள், நாளைக்குத் தமிழ்ப் பகுதி முழுக்க ஹர்த்தால் என்று அறிவித்தார்கள். பஸ் இல்லை. ரோட்டில் டயர் எரியும். முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் கடைகள் திறந்திருக்கும், ஆனால் அங்கே போய்ச் சேர வேண்டுமே.

இரண்டு சைக்கிளில் புறப்பட்டோம். ஐம்பதை எட்டப்போகிற உன் அக்கா சாரியை இழுத்துச் செருகிக்கொண்டு வாவிக்கரை ஒழுங்கைகளால் சைக்கிள் உழக்கியதை நீ பார்த்திருக்க வேண்டும். ஒழுங்கை ரோட்டில் ஏறுகிற இடத்தில் பொடியன்கள் நின்றார்கள்.

"மிஸ், இண்டைக்கு ஹர்த்தால். எங்க வெளிக்கிட்டீங்க?"

"சாவீட்டுக்கு" என்றேன். சாவீட்டுக்குப் போகிறவர்களை எங்கள் ஊரில் மறிக்க மாட்டார்கள்.

தர்ஷினி சைக்கிளால் இறங்கினாள். "சாவீடு இல்லண்ணா. எனக்கு இன்டர்வியூ. காத்தான்குடிக்குக் கோல் வரும்."

"என்ன இன்டர்வியூ?"

"யூனிவேசிற்றிக்கு. கம்பியூட்டருக்கு யோசிக்கப் படிப்பிக்கிறது."

அவர்களில் நெடுவலாய் உயர்ந்து நின்றவன், குந்தியிருந்து டயரை ஊதிக்கொண்டிருந்தவனைக் காட்டினான். "அப்ப முதல்ல இவனுக்குப் படிப்பிச்சிட்டுப் போ. காலைல இருந்து ஒரு டயரக் கொளுத்த ஏலாம கிடக்கான்."

"ஈர டயர் மச்சான்!"

"அத எடுக்கக்குள்ள யோசிச்சிருக்கணும்டா."

வழி விட்டார்கள். திரும்பும்போது ரோட்டால் வராமல் உள்ளால் வரச் சொல்லியும் விட்டார்கள். கொஞ்சத் தூரம் போனபின், திரும்பிப் பார்க்காமலே உன் மகள் கேட்டாள்: "ஆர் பெரியம்மா செத்த?"

நான் சைக்கிளை மிதித்தேன். வேறு என்ன செய்ய?

ஹாஜியார் எங்களைக் கண்டதும் கதிரை போட்டார். சாரி பார்த்துக்கொண்டிருந்த பெண்களிடம், "சத்தமில்லாம விரிச்சிப் பாருங்க, புள்ளைக்கி லண்டன்ல இரிந்து கோல் வருது" என்றார். ஒருத்தி, "அப்ப லண்டனுக்குக் கேக்கட்டும், இந்த விலைக்கி இந்தச் சாரியா எண்டு" என்றாள். சிரிப்பு அடங்குவதற்குள் மணி அடித்தது.

ஹாஜியார்தான் எடுத்தார். "ஹலோ... யெஸ்... யெஸ்..." என்றவர், ரிசீவரின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார்: "ஆரு யோகேஸ்வரி? மிஸ் யோகேஸ்வரி இரிக்காவா எண்டு கேக்கான்."

யோகம், உன் முழுப் பெயரை ஒருவர் சத்தமாகக் கூப்பிட்டு நான் கேட்டு எத்தனை காலம்.

"அவ இல்ல" என்றேன். என் வாய் தானாகச் சொன்னது. "அவ இப்ப இல்ல, ஹாஜியார்."

அவர் தலையாட்டிவிட்டு அதை இங்கிலீசில் சொல்ல வாயைத் திறந்துவிட்டார். தர்ஷினி மேசையைச் சுற்றி ஓடிவந்து ரிசீவரைப் பறித்தாள். "நான்தான்" என்று எங்களுக்குத் தமிழில் சொல்லிவிட்டு, அதையே அங்கேயும் இங்கிலீசில் சொன்னாள்.

அந்தப் பக்கம் பேசியது எனக்குக் கேட்கவில்லை. இவள் பேசியதைச் சொல்கிறேன். முதலில் கொஞ்சம் தடக்கினாள். பிறகு ஒரு கேள்வி வந்ததும் நிமிர்ந்து நின்றாள். நான் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டேன். "வேண்டுமென்றுதான் சேர், வெறுமையாக விட்டேன்" என்றாள். "என் அம்மா இறந்தது என் வேலை அல்ல. என் வேலை மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. அதில் கேளுங்கள்."

முடிந்தது என்று நினைத்தேன். உதவித்தொகை கையை விட்டுப் போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனால் அந்த மனிதர் மூன்றாம் பக்கத்தில் கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். இவள் துரும்பை விளக்கினாள், சோடியை விளக்கினாள், கையைக் காலை ஆட்டி விளக்கினாள். போனில் கை தெரியாது என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. கடைசியில் சிரித்துவிட்டு, "இல்லை சேர், என் கணினிக்கு இன்னும் பொய் சொல்லத் தெரியாது. அம்மா நன்றாகச் சொல்லுவா" என்றாள். ஹாஜியார் என் காதருகே குனிந்தார்: "மிஸ், அவன்ட காசிலதானே கதைக்கான். கதைக்கட்டும், கதைக்கட்டும்."

திரும்பி வரும்போதுதான் கேட்டேன், அதென்ன மிஸ் யோகேஸ்வரி என்று.

"குடும்பப் பேர் எழுது எண்டு இருந்திச்சு. நமக்குத்தான் அப்பிடி ஒண்டு இல்லையே. கோயில்ல என்ன குடி எண்டு கேட்டா அம்மாட குடியத்தானே சொல்லுறம். அதான் அம்மாட பேரப் போட்டன்."

"எல்லாரும் தகப்பன்ட பேரத்தானே போடுற?"

"அப்பாட்டயும் கேட்டனே. 'போடு மகள், நானும் அந்த வீட்டுக்கு வந்தவன்தானே' எண்டார்."

மட்டக்களப்பில் குடி என்கிற வம்சப் பேர் தாயோடுதான் வருகிறது. அது எனக்குத் தெரியாததா? விண்ணப்பத்தில் அதை எழுதலாம் என்றுதான் தோன்றவில்லை. சாவை எழுத மறுத்த பிள்ளை, தாயை முதல் வரியிலேயே எழுதிவிட்டிருந்தாள்.

இடம் கிடைத்துவிட்டது யோகம். உதவித்தொகையும் கிடைத்துவிட்டது. எங்கேயாவது சின்ன எழுத்தில் 'ஆனால்' என்று இருக்கும் என நான் கடிதத்தைத் திருப்பித் திருப்பி வாசித்தேன். இருந்தது. விண்ணப்பத்தில் உள்ள பெயரும் பாஸ்போட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டுமாம். பிறப்புச் சான்றிதழில் அவள் தகப்பன் பெயரோடு இருக்கிறாள். சமாதான நீதவானிடம் போனோம். "இதென்ன பெரிய வேல? தகப்பன்ட பேரத் திருத்திப் போடுங்க எண்டு அவங்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்க. முடிஞ்சிது" என்றார்.

உன் மகள் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அந்தச் சுகமான வழிக்கு நான் உடனே தலையாட்டிவிடுவேன் என்று நினைத்திருப்பாள்.

"அங்க ஒண்டும் திருத்தத் தேவல்ல, ஐயா" என்றேன். "இங்க திருத்துவம். சத்தியக்கடதாசி எழுதுங்க."

அவர் பெருமூச்சு விட்டுத்தான் எழுதினார். பெயரைச் சேர்ப்பது ஒரு கந்தோரில் முடிகிற காரியம் இல்லையாம். அலைய வேண்டுமாம். நான் அரசாங்க உத்தியோகத்தர் யோகம், எந்த மேசைக்கு முன்னால் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். திங்கட்கிழமை கொழும்புக்குப் போகிறோம்.

யோசிக்கிற இயந்திரத்தை நான் இன்னும் நம்பவில்லை. அதை ஒருநாள் செய்துவிடலாம் என்று நம்புகிற ஒரு பிள்ளையை நம்புகிறேன். அது எனக்குப் புதிதாக இருக்கிறது. நன்றாகவும் இருக்கிறது.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அந்தப் பெயர் பாஸ்போட்டில் ஏறும்வரை நான் வீடு திரும்ப மாட்டேன். ஒவ்வொரு மேசையிலும் கேட்பார்கள், யார் இந்த யோகேஸ்வரி என்று. நீ எப்படிச் செத்தாய் என்று தொடங்க மாட்டேன். இவளுடைய தாய், முந்நூற்றிநாலில் எங்கள் ஊரில் ஒருவராலும் வெல்ல முடியாதவள் என்று தொடங்குவேன்.

உன்னோடு சோடி சேர்ந்தால் மட்டும் வென்ற,
உன் அக்கா