ஒரே பெயருக்குக் கீழே மூன்று தளங்கள்

ஜூன் 23, திங்கள்

விடிந்ததிலிருந்து சாரல். துணி காயவில்லை. கேஸ் புக் பண்ண வேண்டும்.

குற்றாலத்தில் விடுதி நடத்தும் அண்ணாச்சி போன். "ஏம்மா கோமதி, நம்ம சைட்டத் தொறந்தா செவப்பா வருது. ஆபத்து, உள்ள போகாதீங்கன்னு போட்டிருக்கு. சீசன் நேரத்துல என்னம்மா இது?"

பார்த்தேன். யாரோ உள்ளே புகுந்து சூதாட்ட விளம்பரங்களாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அடுத்து புளியங்குடி எலுமிச்சைக் கடையின் சைட். அதுவும் சிவப்பு. கடைசியாக, நானும் ஃபாத்திமாவும் இலவசமாக நடத்தும் ரத்ததானப் பட்டியல். அதுவும்.

சைட் செய்து தரும் தொழிலைத் தொடங்கியபோது நாங்கள் இருவரும் ஒரே ஒரு டொமைன்தான், ஒரே ஒரு இணையப் பெயர்தான் வாங்கினோம். வருகிறவர்களுக்கெல்லாம் அதன் முன்னால் ஒரு சொல், ஒரு புள்ளி. சப்டொமைன். பராமரிக்க எளிது என்று. இப்போது ஒன்றில் அழுக்கு, முழுப் பெயரும் கெட்டுப்போனது.

சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

எல்லாவற்றையும் துடைத்தாயிற்று. சிவப்பை எடுக்கச் சொல்லி மறுபரிசீலனைக்கு எழுதியாயிற்று. பதில் இல்லை. பக்கத்தைத் திறக்கிறேன், சிவப்பு. மூடுகிறேன். திரும்பத் திறக்கிறேன்.

கடையநல்லூரிலிருந்து ஃபாத்திமா வந்தாள். தலையெல்லாம் ஈரம்.

"தனித்தனி டொமைன் வாங்கிருவோம்டி. ஒண்ணு விழுந்தாலும் மத்தது நிக்கும்லா?"

"ஆட்டோ பின்னால, ஆஸ்பத்திரி சுவத்துல எல்லாம் பழைய அட்ரஸ்லா ஒட்டிருக்கோம்? புதுச எவன் தேடி வருவான்?"

"செவப்பப் பாத்துட்டு மட்டும் வருவானாக்கும்?"

புதுப் பெயர் என்றால் தேடலில் எங்கேயோ கடைசியில் கிடக்கும். பழைய பெயருக்கு இத்தனை வருட மதிப்பு இருக்கிறது. இருந்தது.

நாளை வரை பொறுப்போம் என்றேன். அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

ஜூன் 25, புதன்

எழுதிவிட வேண்டும்.

மதியம் தெரியாத நம்பர். செங்கோட்டைக்காரர். மனைவிக்குத் தென்காசி ஆஸ்பத்திரியில் பிரசவம், ரத்தம் நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் வேண்டும்.

"காலைலயே ஒங்க சைட்டத் தொறந்தேன்மா. ஆபத்துன்னு வந்திச்சு. ஏதோ ஏமாத்து வேலன்னு மூடிட்டேன். இப்பதான் ஒரு ஆட்டோக்காரர் ஒங்க நம்பரத் தந்தாரு."

காலையிலேயே.

பட்டியலின் நகல் ஃபாத்திமாவிடம் இருந்தது. ஆளுக்குப் பாதியாகக் கூப்பிட்டோம். ஒருவர் துபாயில். ஒருவருக்குக் காய்ச்சல். ஒரு நம்பர் உபயோகத்தில் இல்லை. கடைசியில் திருவேங்கடத்தில் ஒரு டீச்சர்: "எச்.எம்.ட்ட சொல்லிட்டு இந்தா கெளம்புதேன்." அங்கிருந்து தென்காசி எவ்வளவு தூரம். கார் பிடித்து வந்தாள், புடவையில் சாக்பீஸ் தூள் அப்படியே.

நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிரசவ வார்டு வாசலில் அவர், செங்கோட்டைக்காரர், சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். எங்கள் சைட்டால்தான் தாமதம் என்று மன்னிப்புக் கேட்டேன். "நீங்க என்ன செய்வீங்க" என்றார். திட்டியிருக்கலாம்.

பெண் குழந்தை, நலம். தாய் ஐ.சி.யூ.வில். ரத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது.

ஜூன் 26, வியாழன்

இன்னும் சிவப்பு.

விடுதி அண்ணாச்சி: "நான் திருநெல்வேலில வேற ஆளப் பாத்துக்கிடுதேம்மா. தப்பா நெனைக்காத." போகட்டும். அருவியில் குளிக்கத் தடையாம், அறைகளும் காலியாம். அவர் கோபம் அவருக்கு. எலுமிச்சைக் கடைக்காரர் மட்டும் கவலைப்படவில்லை. அவருக்கு வியாபாரமெல்லாம் வாட்ஸப்பில்தான்.

ரத்தப் பட்டியலையும் விடுதி விளம்பரத்தையும் ஒரே கயிற்றில் கட்டி வைத்திருக்கிறோம். இவ்வளவு நாளும் அது தோன்றவே இல்லை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வெளியே வந்தால் ஃபாத்திமா மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கிறாள். "அழுதது போதும்ட்டி. பேரச் சொல்லு."

ரத்தப் பட்டியலுக்குத் தனி டொமைன். மற்றதெல்லாம் அப்புறம். நல்ல பெயர்களை எல்லாம் யாரோ எப்போதோ வாங்கி வைத்திருக்கிறார்கள். கிடைத்தது நீளமான ஒன்று. எனக்குப் பிடிக்கவில்லை. வாங்கிவிட்டோம்.

ஜூன் 28, சனி

புது சைட் நேற்றே ஓடத் தொடங்கிவிட்டது. தேடிப் பார்த்தால் முதலில் வருவது பழைய முகவரி, சிவப்போடு. புதியது எத்தனை பக்கம் தள்ளினாலும் இல்லை. யாரும் வரவில்லை. நானும் ஃபாத்திமாவும்தான் மாறி மாறித் திறந்து பார்க்கிறோம்.

ஆட்டோ ஸ்டாண்டில் புது ஸ்டிக்கர் ஒட்டினோம். மழையில் பசை பிடிக்கவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வார்டு சிஸ்டர் போன் செய்தாள். கேட்கவே பயமாக இருந்தது. கேட்டேன்.

"கண்ணு முழிச்சிட்டா. பிள்ளையக் கேட்டா, குடுத்தோம்" என்றாள். பிறகு, "சுவத்துல இருக்க அட்ரஸ் வேல செய்யலன்னு வாரவங்க எல்லாம் சொல்லுதாவ. புதுசு என்ன, சொல்லுங்க. எழுதி ஒட்டுதேன்."

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். திருப்பி வாசித்தாள். நடுவில் ஒரு எழுத்து தப்பு.

மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.