இடப்பக்கத்துச் சாணைக்கல்

சனிக்கிழமைகளைச் சத்தத்தால் நிறைத்த என் அன்பு மாமாவுக்கு,

நீங்கள் போனபிறகு இந்த வீட்டில் சனிக்கிழமை காலை எப்போது தொடங்குகிறது என்றே தெரிவதில்லை. முன்பெல்லாம் எட்டு மணிக்குப் பின்வராந்தாவில் உங்கள் சாணைக் கிரைண்டர் இரையத் தொடங்கும். ஒழுங்கையில் உள்ளவர்கள் கத்தி, கத்தரிக்கோல், தேங்காய்த் துருவலை என்று கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பேன்.

முதலில் வீட்டுச் செய்தி. வெள்ளவத்தையில் மிஞ்சியிருந்த நிலத்தோடு கூடிய வீடுகளில் எங்களுடையதும் ஒன்று என்று பெருமையாகச் சொல்வீர்களே, அதையும் வீட்டுக்காரர் இடித்து மாடி கட்டப்போகிறார். நாங்கள் இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு நாலாம் மாடிக்குப் போகிறோம். சாமான் ஏற்றுவதற்கு உங்கள் மகன் ஒரு சட்டம் போட்டுவிட்டார்.

"ஓடாத சாமான் ஒண்டும் மேலை ஏறாது," என்றார் ரமணன். "அப்பாவின்ரை கிரைண்டரையும் சேர்த்துத்தான் சொல்லுறன். ஒருகொடவத்தைப் பழைய இரும்புக்காரனுக்குச் சொல்லியாச்சு. வீடு மாறுற அண்டைக்கு லொறியோடை வருவான்."

"நான் அதை ஓட்டிக் காட்டினால்?"

"நீரோ?" சிரித்தார். "அப்பா இருக்கேக்கை அந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு திரிஞ்சனீர்."

"திரிஞ்சனான்தான். அதுக்காக இரும்புக்காரனிட்டைக் குடுக்க வேணுமோ?"

அப்படித்தான் தொடங்கியது. அன்பினால் என்று சொன்னால் நீங்களே நம்பமாட்டீர்கள். பந்தயத்தில் தொடங்கி, பிறகு ஒரு புதிரில் மாட்டிக்கொண்டேன்.

மேலே போர்த்தியிருந்த உங்கள் பழைய சாரத்தை நீக்கிவிட்டு முதன்முதலாக அந்த மெசினை நன்றாகப் பார்த்தேன். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் பார்த்ததில்லை. நடுவில் மோட்டர், இரு பக்கமும் ஒவ்வொரு சாணைக்கல். வலப்பக்கத்துக் கல் வாங்கிய நாளில் இருந்தபடியே இருக்கிறது. அதில் ஒட்டிய கடதாசியின் எழுத்தைக்கூட வாசிக்கலாம். இடப்பக்கத்துக் கல்லோ தேய்ந்து தேய்ந்து தேத்தண்ணீர்க் கோப்பையின் தட்டு அளவுக்கு வந்துவிட்டது. வலப்பக்கத்து நட்டில் கம்பனி அடித்த பெயின்ற்றே உடையவில்லை. இடப்பக்கத்து நட்டின் மூலைகள் ஸ்பனர் போட்டுப் போட்டு மழுங்கியிருந்தன. அப்படியானால் அந்தப் பக்கத்தில் மட்டும் நீங்கள் எத்தனையோ கல் மாற்றியிருக்கிறீர்கள்.

ஏன் மாமா? வெளிச்சத்துக்காகவா? யன்னல் வலப்பக்கம் அல்லவா இருக்கிறது. இரண்டு கல்லும் ஒரே விதம்தானா என்று விரலால் தடவிப் பார்த்தேன். இடப்பக்கத்துக் கல் ஒன்றும் விசேஷமானதில்லை. நாள் முழுக்கப் புதுக்கடை நீதிமன்றப் பகுதியில் சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்தில் இருந்து சாட்சியங்களை மொழிபெயர்க்கிறவள் நான். ஒரு விஷயம் ஒரு பக்கமாகவே சாய்ந்து கிடந்தால் மனம் அதைச் சும்மா விடாது.

சுவிட்ச்சைப் போட்டால் முனகியதே தவிர, கல் அசையவில்லை. கழற்ற வேண்டும். வலப்பக்கத்து நட் எண்ணெய் விட்டு ஒரு நாள் வைத்ததும் முரண்டு பிடித்துக்கொண்டு வந்தது. இடப்பக்கத்து நட் வரவில்லை. நான் முறுக்கினேன். ரமணன் முறுக்கினார். பிறகு ஸ்பனரில் ஒரு குழாயைச் செருகி இருவருமாகத் தொங்கினோம்.

"இது செத்தாலும் வராது," என்றார் உங்கள் மகன், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "வெட்டத்தான் வேணும்."

இரும்பறுக்கும் வாளால் மெல்ல மெல்ல அறுத்து எடுத்தார். சத்திரசிகிச்சை வெற்றி என்று நானும் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

கொட்டாஞ்சேனையில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் பாரூக் நானாவிடம் மெசினையும் அறுத்த நட்டையும் கொண்டுபோனேன். அவர் நட்டின் இரண்டு துண்டையும் உள்ளங்கையில் பொருத்திப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எந்தப் பக்கம் சுத்தினீங்க தங்கச்சி?"

"எல்லா நட்டும் சுத்துற பக்கம்தான்."

"அதான். இது லெஃப்ட் திரெட். மத்தப் பக்கமாத்தான் கழறும். கல்லு சுத்துற வேகத்துல நட்டு தன்பாட்டுல கழண்டு போகக்கூடாதுண்டு இந்தப் பக்கத்துக்கு மட்டும் இப்பிடி வெச்சிருக்கான்." பிறகு சிரிப்பை அடக்க முடியாமல், "நீங்க ரெண்டு பேரும் சேந்து நல்லா இறுக்கித்தான் இருக்கீங்க, மாஷா அல்லாஹ்!" என்றார்.

ஸ்பனரில் தொங்கிய எங்கள் இருவரையும் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்களா, வழக்கம்போல மூக்குக் கண்ணாடியைத் துடைத்திருப்பீர்களா?

பெயாரிங்கும் கப்பாசிட்டரும் இப்போதும் கிடைக்கின்றன. அவற்றை நானாவே போட்டுத் தந்தார். இடப்பக்கத்துக் கல்லை ஒரு விரலில் தொங்கவிட்டு மரப்பிடியால் தட்டிப் பார்த்தார். நீங்களும் அப்படித் தட்டிக் காது கொடுப்பது ஞாபகம் வந்தது. வலப்பக்கத்துக் கல் மணிபோல ஒலித்தது. இது 'டொக்' என்றது. உள்ளே வெடிப்பு, இனி இதை ஓட்டக்கூடாது என்றார். கல்லுக்கும் மாற்று உண்டு. துளை பெரிதாக இருக்கும், உள்ளே ஒரு வளையம் போட்டால் சரி. மிஞ்சியது நாங்கள் கொன்ற நட்டுத்தான். பழைய இங்கிலாந்து அளவுத் திரெட், அதுவும் எதிர்ப்பக்கமாக.

மத்தியான இடைவேளைகளில் பஞ்சிகாவத்தைக்குப் போனேன். ஒரு கார் முழுவதையும் துண்டு துண்டாக வாங்கக்கூடிய தெருவில் ஒரு நட் கிடைக்காதா? ஒரு கடைக்காரர் பெட்டி பெட்டியாகக் கொட்டித் தேடிவிட்டு, "வமட்ட த மிஸ்?" என்று சிங்களத்தில் மறுபடி கேட்டார். இடப்பக்கமா என்று. ஓமென்றேன். "ஏக நே," என்று, அது இல்லையெனக் கையை விரித்தார். இன்னொருவர், வலப்பக்கத்து நட்டையே கொஞ்சம் பலவந்தமாக ஏற்றினால் பழகிவிடும் என்றார். இரும்பு எப்படிப் பழகும் என்று யோசித்துக்கொண்டே அலுவலகத்துக்கு நடந்தேன்.

கடைசியில் பாரூக் நானாதான் கடைந்து தருவதாகச் சொன்னார். லொறி வருவதற்கு முந்திய வாரம் போனேன். பளபளவென்ற நட்டைப் பெருமையாக நீட்டினார். போட்டுப் பார்த்தோம். ஏறவில்லை.

நட்டைத் திருப்பிப் பார்த்தவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "யா அல்லாஹ்! நான் வழமை மாதிரியே வெட்டிட்டேன் தங்கச்சி. மண்டைக்குத் தெரியும் இது லெஃப்டுண்டு. கை கேக்கல்லியே!"

"அப்ப நாங்க மட்டும் இல்லை நானா."

"சொல்லாதீங்க, வெளியில சொல்லாதீங்க. பட்டறைட பேர் போயிரும்."

இரண்டாவது நட் சரியாக ஏறியது. எதிர்ப்பக்கமாகத் திருப்பத் திருப்ப அது மெல்ல உள்ளே போய் அமர்ந்ததை நான் இரண்டு தரம் கழற்றிப் பூட்டிப் பார்த்தேன்.

இனித்தான் நான் சொல்ல வந்த விஷயம், மாமா.

இடப்பக்கத்துக்குப் புதுக் கல் போட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்து உங்கள் மர வாங்கில் பூட்டினோம். தகரத்தில் தண்ணீர் வைத்தேன். நீங்கள் சொல்வதுபோல முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று சுவிட்ச்சைப் போட்டேன். முதலில் முனகல், பிறகு அந்த இரைச்சல். ரமணன் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "சரி, மேலை ஏறும்," என்றார்.

சமையலறைக் கத்தியை எடுத்துக்கொண்டு வலப்பக்கத்துக் கல்லுக்குப் போனேன். அதுதானே கம்பனிக் கல். பிடியைக் கையில் பிடித்துக் கத்தியைக் கல்லில் வைத்தால் என் விரல்மூட்டு மோட்டரில் இடித்தது. கொஞ்சம் தள்ளி நின்றேன், இடித்தது. இடப்பக்கத்துக்கு வந்தேன். பிடி வெளிப்பக்கமாக விலகி நின்றது. கை தாராளமாக அசைந்தது. கத்தி அடியிலிருந்து நுனிவரை ஒரே இழுவையில் போனது. அந்த இடம் எனக்காகவே அளந்து வைத்ததுபோல இருந்தது.

மெசினை நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்தேன். இடக்கை.

நான் இடக்கைக்காரி என்பது உங்களுக்குத் தெரியாததா? கலியாணம் முடித்து வந்த புதிதில் உங்களுக்குத் தேத்தண்ணீர் நீட்டினேன். நீங்கள் வாங்கவில்லை. கையை மடியிலேயே வைத்துக்கொண்டு, "பிள்ளை, வலக்கையாலை," என்றீர்கள். கோபமில்லை, சிரிப்புமில்லை. நான் கை மாற்றும்வரை காத்திருந்தீர்கள். பிறகு உப்பு, பேப்பர், திறப்புக் கொத்து, எதை நீட்டினாலும் அதே இரண்டு சொல். சில நாட்களில் வீம்புக்கு நானும் மாற்றாமல் நின்றிருக்கிறேன். தேத்தண்ணீர் ஆறிவிடும், நீங்கள் அசையமாட்டீர்கள். அந்த இரண்டு சொல்லுக்காக உங்களோடு மனதுக்குள் எத்தனை வருடம் சண்டை பிடித்தேன் தெரியுமா?

ரமணனைக் கேட்டேன். "உங்கடை அப்பா இடக்கையோ?"

"விசரோ உமக்கு? எழுதினது, சாப்பிட்டது, எல்லாம் வலக்கையாலைதானே."

"கத்தி தீட்டினது?"

"நான் பார்க்கேல்லை," என்றார். "நெருப்புப் பொறி பறக்கும், கிட்ட வராதை எண்டுதானே எப்பவும் கலைக்கிறவர்."

உண்மைதான். அந்த வாங்கின் முன்னால் நின்றால் முதுகு வீட்டுக்குத்தான். முன்னால் வெறும் மதில்.

ஹெந்தளையில் இருக்கும் உங்கள் தங்கச்சிக்குத் தொலைபேசி எடுத்தேன். மாமிக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம்.

"அண்ணையோ? அவர் பிறவியிலை இடக்கைதானே பிள்ளை," என்றார், ஏதோ ஊருக்கே தெரிந்த விஷயம்போல. "கோயிலிலை திருநீறு வாங்க இடக்கையை நீட்டினதுக்கு எங்களைப் பெத்த ஐயா அந்த இடத்திலையே வைச்சு அடிச்சவர், சனமெல்லாம் பார்க்க. பிறகு பள்ளிக்கூடத்திலை வாத்தியார். பிறகு அவராகவே மாத்திக்கொண்டார். ஏன், உங்களுக்குச் சொல்லேல்லையே?"

"இல்லை மாமி."

"உதெல்லாம் என்ன கதைக்கிற விசயமே... பொறும், அங்காலை என்ன இரைச்சல்?"

ரமணன் மெசினைப் போட்டிருந்தார்.

"உங்கடை அண்ணையின்ரை கிரைண்டர் மாமி. திருத்திப் போட்டன்."

நிறுத்தச் சொல்லி ரமணனுக்குக் குரல் கொடுத்தேன். அதைக் கேட்டு மாமி, "நிப்பாட்டாதையும் பிள்ளை," என்றார். "கொஞ்ச நேரம் ஓடட்டும்."

இதுதான் என் கேள்வி, மாமா. என்னை ஏன் மாற்றச் சொன்னீர்கள்? நீங்கள் மாற்றிக்கொண்டது சரி என்று நம்பினீர்களா? சபையில் நீங்கள் வாங்கிய அடி எனக்கும் விழக்கூடாது என்றா? அல்லது நான் பயமில்லாமல் நீட்டிய கையைப் பார்க்க உங்களுக்கு ஏதோ செய்ததா? மூன்றையும் மாறி மாறி யோசிக்கிறேன். ஒவ்வொன்றும் சில நாட்களுக்கு உண்மைபோல இருக்கிறது. சாட்சி சொல்ல நீங்கள் இல்லை. ஒரு கல்லின் தேய்மானம் மட்டும் இருக்கிறது. அது "இவர் இந்தக் கையால் சந்தோசமாக வேலை செய்தார்" என்பதற்குமேல் ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறது.

சந்தோசமாக என்று நானாகச் சேர்த்துவிட்டேன். மொழிபெயர்ப்பில் அப்படிச் செய்தால் என் வேலை போய்விடும். ஆனால் சனிக்கிழமைகளில் வராந்தாவிலிருந்து வரும்போது உங்கள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த ஒரு நாள்தான் நீங்கள் சாப்பாட்டு மேசையில் பகிடி விடுவீர்கள்.

லொறி வந்து போனது. நின்றுபோன மணிக்கூடும் துருப்பிடித்த கட்டிலும் ஒருகொடவத்தைக்குப் போயின. கிரைண்டரை ரமணன் தானே தூக்கிக்கொண்டு படியேறினார். லிஃப்ட்டில் வைத்தால் ஆட்டம் கண்டுவிடுமாம். நான் பின்னால் வெடித்த பழைய கல்லோடு போனேன்.

"ஓடாத கல்லும் மேலை ஏறுதோ?" என்றார் மூச்சிரைக்க.

"அது ஓடி முடிச்ச கல்," என்றேன்.

இப்போது கிரைண்டர் பல்கனியில் இருக்கிறது. மதில் இல்லை, எதிர்மாடிப் பல்கனிகளில் உடுப்புக் காயப்போடுகிறவர்கள் எல்லோருக்கும் நான் எந்தக் கையால் கத்தி தீட்டுகிறேன் என்று தெரியும். கீழ்மாடியிலிருந்து ஒருவர் தன் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து தந்துவிட்டுப் போயிருக்கிறார். சனிக்கிழமைகளில் அதை ஓட்டுவேன், மாமா. இடப்பக்கத்துப் புதுக் கல்லையும் தட்டளவுக்குத் தேய்க்காமல் விடமாட்டேன். இது சத்தியம்.

வருகிற மாதம் உங்கள் ஆண்டுத் திவசம். படையல் எல்லாம் ஐயர் சொல்கிற முறைப்படி வலக்கையால் நடக்கும். அது முடிந்து எல்லோரும் சாப்பிடப் போனபிறகு, பனங்கட்டித் துண்டோடு ஒரு தேத்தண்ணீர் கொண்டுவந்து உங்கள் படத்துக்கு முன்னால் நீட்டுவேன். இடக்கையால். இந்த முறை நான் கை மாற்றப்போவதில்லை. நீங்களும் உங்களுக்கு வசதியான கையால் வாங்கலாம், ஒருவரும் பார்க்கமாட்டார்கள். ஆறுவதற்குமுன் வாங்குங்கள்.

உங்களைப் போலவே பிறந்த
உங்கள் மருமகள்,
வாசுகி