பதினோராம் கேள்வியில் வரும் ‘அயலவர்’ பற்றியது

அனுப்புபவர்:
செபமாலை அருமைராசா,
இரட்டை வீட்டின் இடப்பக்கப் பாதி,
பியர்பொன்ட்ஸ், மொன்றியல்.

பெறுநர்:
திரு. க. அரியரத்தினம் அவர்கள்,
தலைவர்,
ஆற்றோரத் தமிழர் கல்விக் கழகம்,
டவுன்டவுன், மொன்றியல்.

விடயம்: மருத்துவக் கல்லூரி நுழைவுக்கான சூழ்நிலைத் தேர்வுப் பயிற்சி வகுப்பில் வழங்கப்பட்ட பதினோராம் கேள்வியில் உள்ள பிழைகளைத் திருத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா,

1. நான் தங்கள் கழகத்தின் சாதாரண உறுப்பினன். ஊரில் கச்சேரி எனப்படும் மாவட்ட அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்த காலத்தில் பிறருடைய மனுக்களைப் பதிந்து கோவையில் இட்டவன். என் பேரில் ஒரு மனு எழுதுவது இதுவே முதல் தடவை. புகார்கள் தமிழில் எழுத்து மூலம் வரவேண்டும் என்றும், புகார் எவரைத் தொடுகிறதோ அவருக்கும் மனுதாரரே ஒரு பிரதி சேர்ப்பிக்க வேண்டும் என்றும் கழக யாப்பு, அதாவது விதிக்கோவை, சொல்கிறது. முதலாவது விதியில் எனக்குச் சிரமம் எதுவும் இல்லை.

2. என் மகள் ஜொய்சி மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்க இருக்கிறாள். அதற்கு மதிப்பெண்கள் மட்டும் போதாதாம், சூழ்நிலைத் தேர்வு ஒன்றும் எழுத வேண்டுமாம். கணினித் திரையில் ஒரு சிக்கலைக் காட்டி, நீங்கள் என்ன செய்வீர்கள், ஏன் செய்வீர்கள் என்று கேட்பார்கள். ஐந்து நிமிடத்துக்குள் விடையைத் தட்டச்சு செய்ய வேண்டும். இரசாயனமும் இல்லை, கணக்கும் இல்லை. பிள்ளைக்கு மனிதரோடு நடந்துகொள்ளத் தெரியுமா என்று பார்க்கிறார்கள். இதற்கான பயிற்சி வகுப்பைக் கழகம் சனிக்கிழமைகளில் நடத்துகிறது. ஒவ்வொரு சனியும் மகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, கீழே தெப்பனேர் என்கிற மூலைக்கடையில் ஒரு கோப்பி வாங்கிக்கொண்டு வகுப்பு முடியும்வரை காருக்குள் இருப்பவன் நான். வகுப்பை நடத்தும் டொக்டர் செல்வி நிரஞ்சனி அவர்கள் மீது எனக்கு மரியாதையே உண்டு. சம்பளம் வாங்காமல் தன் ஓய்வு நாளைத் தருகிற பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆயினும் கேள்வி பிழை என்றால் பிழைதான்.

3. அந்தக் கேள்வி எனக்குத் தெரியவந்த விதம் பின்வருமாறு. சென்ற ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து மாதா கோவில் மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டு நின்றபோது, தன் மகளையும் அதே வகுப்புக்கு அனுப்பும் திரு. றூபன் என் பக்கத்தில் வந்து, “அண்ணை, உங்கட ஸ்னோக் கேள்விய என்ர மகளும் செய்தவள். வடிவா எழுதியிருக்கிறாள், உங்களை ஒண்டும் பெரிசாக் குறை சொல்லேல்லை” என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். நான் எந்தக் கேள்வி என்று கேட்டதும் அவருடைய முகம் மாறியது. அன்று பின்னேரம் கேள்வித்தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பிவைத்தார்.

4. கேள்வி பிரெஞ்சில் இருந்தது. என் மொழிபெயர்ப்பில் அது இவ்வாறு வரும்:

“உங்கள் வீடும் அயலவர் ஒருவரின் வீடும் ஒட்டியவை. கார் விடும் பாதை இருவருக்கும் பொது. உங்கள் தந்தைக்கும் அயலவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பனி கொட்டினால் இருவரும் தத்தம் பாதியை மட்டும் அள்ளுகிறார்கள். நடுவில் ஒருவரும் அள்ளாத ஒரு வரம்பு மிஞ்சி, இறுகிப் பனிக்கட்டியாகிறது. ஒருநாள் அயலவரின் மனைவி அதில் வழுக்கி விழுகிறார். உங்கள் தந்தை சன்னலில் நின்று பார்க்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?”

5. இதில் வரும் தந்தை நான். மாணவர்கள் ஆளுக்கொரு உண்மைச் சம்பவத்தைப் பெயர் விவரம் நீக்கிக் கொடுக்குமாறு செல்வி நிரஞ்சனி கேட்டிருக்கிறார். மற்றப் பிள்ளைகள் வேலையிடத்தில் களவு, பரீட்சையில் கொப்பி அடித்தல் என்று கொடுத்திருக்கிறார்கள். என் மகள் என்னைக் கொடுத்திருக்கிறாள். பெயர் இல்லைதான். ஆனால் பியர்பொன்ட்ஸில் சுவர் ஒட்டிய வீட்டில் இருந்துகொண்டு கதைக்காத தமிழ்க் குடும்பங்கள் எத்தனை என்று தாங்களே எண்ணிப் பார்க்கலாம்.

6. இனிப் பிழைகளைக் குறிப்பிடுகிறேன். பனி அள்ளுவதைச் சரி பாதியில் நிறுத்துவது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. மற்றவர் முதலில் இறங்குவார். தன் பாதியை அள்ளி முடித்து, பனி அள்ளும் சவல் மண்வெட்டியைப் படிக்கட்டில் இரண்டு தட்டுத் தட்டுவார். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் நான் இறங்குவேன். நடு வரம்பைப் பற்றி இருவருக்கும் நன்றாகவே தெரியும்.

7. “சன்னலில் நின்று பார்க்கிறார்” என்பது முழுப் பிழை. கடந்த மாசி மாதம் அயலவரின் மனைவி விழுந்தபோது நான் சன்னலில் நின்றது உண்மை. ஆனால் நின்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை. உடனே கதவடிக்கு ஓடிவந்து பனிச் சப்பாத்தை மாட்டத் தொடங்கினேன். பனிச் சப்பாத்துக்கு எவ்வளவு நீளக் கயிறு என்பது இந்நாட்டில் வாழும் தங்களுக்குத் தெரியும். நான் ஒரு காலைக் கட்டி முடிப்பதற்குள் அந்த வீட்டார் அவரைத் தூக்கி உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். கதவு சாத்தப்பட்டது. நான் ஒற்றைச் சப்பாத்தோடு நின்றேன். மகள் மாடிப்படியில் நின்று என் முதுகை மட்டும் கண்டிருக்கிறாள். கேள்வி எழுதியவர் இந்தப் பக்கத்தை விசாரித்திருக்க வேண்டும்.

8. இரண்டாவது பிழைதான் என்னை இந்த மனுவை எழுத வைத்தது. கேள்வியில் வரும் அயலவர் அயலவர் அல்லர். அவர் பெயர் செபமாலை இன்பராசா. என் தகப்பனுக்கு மூத்த மகன், என் கூடப்பிறந்த அண்ணன். இரண்டு பாதியையும் நாங்கள் ஒரே நாளில், பத்திரம் எழுதும் ஒரே நொத்தாரிசின் முன்னால் கையெழுத்து வைத்து வாங்கினோம். பிள்ளைகள் மழையில் நனையாமல் அங்கும் இங்கும் போய்வரட்டும் என்று சொல்லி வாங்கியவர் அவர்தான். அக்காலத்தில் யார் முதலில் எழும்புகிறாரோ அவர் முழுப் பாதையையும் அள்ளிவிடுவார். பெரும்பாலும் அவரே எழும்பினார்.

9. பேச்சு நின்ற காரணத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு உயிர்த்த ஞாயிறு அன்று அவர் வீட்டில் மதியச் சாப்பாடு. ஜொய்சி இந்தத் தேர்வு எழுதப்போகிறாள் என்ற கதை வந்தது. அண்ணன் சிரித்துக்கொண்டு, “உவளுக்கு உது ஒரு பிரச்சினையே இல்லை. வாய்க்குத்தானே உதில மார்க்ஸ், மூளைக்கில்லையே” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஜொய்சியும் சிரித்தாள். அதற்கு முந்திய ஆண்டு இதே தேர்வை எழுதி, அவருடைய மகன் றொசானுக்கு இடம் கிடைக்கவில்லை என்பதையும் நேர்மைக்காக இங்கே பதிகிறேன். றொசான் இப்போது லொங்குய்யில் ஓர் அலுவலகத்தில் நல்ல வேலையில் இருக்கிறான். அண்ணன் எதை நினைத்து அப்படிச் சொன்னாரோ நான் அறியேன். என் பிள்ளையை மூளையில்லாதவள் என்று சொன்னது மட்டும்தான் என் காதில் விழுந்தது. சோற்றுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பி வந்தேன். அவர் கூப்பிடவில்லை. நானும் திரும்பிப் பார்க்கவில்லை.

10. அன்றிலிருந்து எங்களுக்குள் கதை பேச்சு இல்லை. என் மனைவி அஜந்தாவும் அண்ணியும் பின்வேலிக்கு மேலால் கதைக்கிறார்கள். விழுந்ததில் அண்ணியின் கை முறிந்திருந்தபோது இங்கிருந்து சூப்பும் போனது. இவை எனக்குத் தெரியாது என்று வீட்டில் எல்லோரும் நினைக்கிறார்கள், அப்படியே இருக்கட்டும். நடுச்சுவர் மெல்லியது. இரவில் இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில்தான் செபமாலைப் பிரார்த்தனை சொல்கிறோம். பரலோக மந்திரத்தில் மன்னிப்பு வருகிற இடத்தில் அந்தப் பக்கத்துச் சத்தம் கொஞ்சம் குறையும். இந்தப் பக்கமும் குறைகிறது என்று அஜந்தா சொல்கிறாள்.

11. கேள்வித்தாளுக்குக் கீழே சிறந்தவை என மூன்று விடைகள் அச்சிடப்பட்டுள்ளன. ஒரு பிள்ளை, அதிகாலையில் தானே எழும்பி நடு வரம்பை அள்ளிவிடுவேன் என்று எழுதியிருக்கிறது. அந்தப் பிள்ளை பனி அள்ளியதில்லை என்பது என் ஊகம். இன்னொரு பிள்ளை நகரசபையின் சமரச சேவையை நாடுமாம். மூன்றாவது பிள்ளை இருவரையும் தேநீருக்கு அழைத்து, பக்கம் சாராமல் செவிமடுக்குமாம். இதற்குத்தான் அதிக புள்ளி. ஐயா, தேநீர் குடிப்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு கிடையாது. அதை எந்த வீட்டு அடுப்பில் போடுவது என்பதுதான் சிக்கல். இதை அந்தப் பிள்ளைகளின் குறையாகச் சொல்லவில்லை. அவர்களுக்குச் சொல்லப்பட்டது அயலவர் என்றுதான். அயலவருக்குப் பொருத்தமான விடையைத்தான் அவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

12. இச்சொல்லை மாற்றியவர் செல்வி நிரஞ்சனி என்றே முதலில் எண்ணினேன். நேற்றுச் சனிக்கிழமை, வகுப்பு முடிந்து வீடு திரும்பும்போது மகளிடம் காரில் கேட்டேன். அவள் பெரும்பாலும் பிரெஞ்சில்தான் பதில் சொல்வாள். நேற்றுத் தமிழில் சொன்னாள். “நான்தான் அப்பா அப்பிடி எழுதினனான். நம்பக்கூடிய கேள்வியா இருக்கோணும் எண்டு நிரஞ்சனி அக்கா சொன்னவ. அண்ணனும் தம்பியும் எண்டு எழுதினா ஒருத்தரும் நம்பமாட்டினம்” என்றாள். அப்படியானால் நீ என்ன விடை எழுதினாய் என்று கேட்டேன். “எனக்கு விடை தெரிஞ்சா ஏன் கேள்வியாக் குடுக்கிறன்?” என்றாள். அந்த இரண்டு பதில்களும் என்னைச் சுட்டன. என் பிள்ளைக்கு மூளை இல்லை என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது என்பதும் அப்போதுதான் உறைத்தது.

13. கேள்வியில் பிழை உண்டு என்று வெறுமனே சொன்னால் கழகம் ஏற்காது என்பதால், நேற்று வீட்டுக்கு வந்ததும் நானே அதைச் செய்து பார்த்தேன். கைத்தொலைபேசியில் ஐந்து நிமிடம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கேள்வியில் உள்ளபடி அயலவர் என்றே எடுத்துக்கொண்டபோது விடை வந்துவிட்டது: கதவில் தட்டுவேன், உங்கள் மனைவியின் கை எப்படி என்று கேட்பேன், நடு வரம்பை இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்வேன். நேரமும் மிஞ்சியது. பிறகு அயலவர் என்ற சொல்லை வெட்டி, அண்ணன் என்று எழுதிவிட்டு மீண்டும் நேரம் வைத்தேன். “முதலில்” என்று எழுதினேன். மணி அடிக்கும்போது தாளில் அந்த ஒரு சொல்தான் இருந்தது. அயலவர் வீட்டுக் கதவை எவரும் தட்டலாம். கோபித்துக்கொண்டு எழும்பி வந்த தம்பி அண்ணன் வீட்டுக் கதவில் என்ன சொல்லித் தட்டுவது? ஆகவே ஒரு சொல் மாறியதால் கேள்வியே வேறாகிவிட்டது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை எனக் கருதுகிறேன்.

14. மேற்கூறிய காரணங்களால் தங்களிடம் நான் கேட்டுக்கொள்வது:

(அ) பதினோராம் கேள்வியை வகுப்பிலிருந்து நீக்குமாறு கேட்கவே முதலில் எண்ணியிருந்தேன். இப்போது அப்படிக் கேட்கவில்லை. அது இருக்கட்டும்.

(ஆ) “சன்னலில் நின்று பார்க்கிறார்” என்பதை “சப்பாத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்” எனத் திருத்த வேண்டும்.

(இ) “அயலவர்” என்று வரும் இடமெல்லாம் “அண்ணன்” எனத் திருத்த வேண்டும். நம்பமுடியாது என்று மாணவர்கள் சொன்னால், நம்பும்படி இந்த மனுவைக் காட்டலாம். எனக்கு ஆட்சேபனை இல்லை.

(ஈ) திருத்திய கேள்விக்கு எந்தப் பிள்ளையாவது ஐந்து நிமிடத்துக்குள் விடை எழுதினால், அதை மேலுள்ள முகவரிக்கு அனுப்பிவைக்க வேண்டும். வானிலை அறிக்கையின்படி வருகிற புதன்கிழமை இக்குளிர்காலத்தின் முதற்பனி விழக்கூடும் என்பதைக் கவனத்தில் எடுக்கவும்.

15. யாப்பின் இரண்டாவது விதி பற்றி ஒரு சொல். பிரதியைத் தபாலில் சேர்ப்பிக்கலாமா என்று கழகச் செயலாளரைத் தொலைபேசியில் கேட்டேன். “பக்கத்து வீடுதானே அண்ணை, கையில குடுங்கோவன்” என்றார். விதியில் அதற்குத் தடை இருப்பதாகத் தெரியவில்லை. கதவில் என்ன சொல்லித் தட்டுவது என்று மேலே கேட்டிருந்தேன். யாப்பின்படி ஒரு பிரதி தரவேண்டியிருக்கிறது என்று சொல்லலாம் போலிருக்கிறது.

தாங்கள் இதனைக் கவனத்தில் எடுத்து ஆவன செய்வீர்கள் என்று எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்)
செ. அருமைராசா

இடம்: பியர்பொன்ட்ஸ்
திகதி: 09 நவம்பர் 2025, ஞாயிறு

பிரதிகள்:
1. டொக்டர் செல்வி நிரஞ்சனி, வகுப்புப் பொறுப்பாளர் (மின்னஞ்சலில்).
2. என் அண்ணன், திரு. செ. இன்பராசா, வலப்பக்கப் பாதி (கையில். இன்று பின்னேரம், சப்பாத்துக் கட்டியதும்).