மதினியின் கோணாத மீசை

இயேசு மரி சூசை துணை

சாந்தன்பாறை

என் ஒரே அண்ணன் ஜோஜோவுக்கு, உன்னால் வாட்ஸப்பில் பிளாக் செய்யப்பட்ட ஒரே தங்கை நிமி எழுதுவது. கோபம் ஆறியிருந்தால் உடனே படிக்கவும். ஆறாவிட்டால் துபாய் அறையில் ஏசியைக் கூட்டி வைத்துவிட்டுப் படிக்கவும். இங்கு எல்லாரும் சுகம். கார் எங்களைவிடச் சுகம்.

உன் காரை விற்பனைக்கு என்று விளையாட்டாக எஸ்டேட் குரூப்பில் போட்டதற்காக என்னை பிளாக் செய்தாய். அது நியாயம். ஆனால் லீவில் வந்த உன் கூட்டாளி சதீஷின் ஸ்டேட்டஸில் காரைப் பார்த்ததிலிருந்து அப்பா, அம்மா, வினோ மதினி என்று ஒருவரிடமும் பேசாமல் இருக்கிறாயே, அது எந்த ஊர் நியாயம்? "என் அலாய் வீலைக் கழட்டினவங்க மூஞ்சில முழிக்க மாட்டேன், கிறிஸ்மஸ் லீவும் வேண்டாம்" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் வேறு. கிறிஸ்மஸை ஒட்டித்தான் மதினிக்குப் பிரசவ நாள் குறித்திருக்கிறார்கள் என்பதை உனக்கு நான் நினைவூட்ட வேண்டுமா?

துபாய்க்குத் திரும்பும் அந்த சதீஷ் கையிலேயே இதை அச்சு முறுக்குப் பொட்டலத்தோடு கொடுத்தனுப்புகிறேன். முறுக்கை நீ பிளாக் செய்ய முடியாது.

நடந்ததைக் கேள். ஜெபமாலை மாதத்தில் மாதா சுரூபம் வீடு வீடாகப் போகுமல்லவா? நம் முறை வந்த அன்று அடைமழை. மேல் லயத்து வீட்டு வரிசையிலிருந்து மாதாவை உன் காரில் இறக்கினோம். மதினி தன் ஏழு மாத வயிற்றோடு பின்சீட்டில் சுரூபத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். லயத்து ரோடு உனக்குத் தெரியும். கல் இருக்கும், ரோடு இருக்காது. உன் பதினேழு இஞ்ச் அலாய் வீலைச் சுற்றி டயர் என்று இருந்ததோ வளையல் கனம். ஒவ்வொரு கல்லுக்கும் அம்மா "மாதாவே!" என்றாள். அது ஜெபமா, கூப்பாடா என்று மாதாவுக்கே குழப்பமாக இருந்திருக்கும். வீட்டு வாசலில் இறங்கியபோது மாதாவின் கிரீடம் மதினியின் மடியில் கிடந்தது.

அதற்கு அம்மா ஒரு வைத்தியம் கண்டுபிடித்தாள். அடுத்த செக்கப்புக்குப் போகும் நாளில், விலைபோகாத ஏலக்காயை அரைச் சாக்கு நிரப்பி மதினிக்கு மெத்தையாகப் போட்டாள். "பஞ்சு அமுங்கிரும், காய் தாங்கும்ட்டி" என்றாள். ரப்பர் செய்ய வேண்டிய வேலையை ஏலக்காய் எங்கே செய்வது? காய் நொறுங்கியது. மதினி முதுகு வலி தாங்காமல் பாதி வழியில் வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டார். உன் கார் இன்றுவரை பாயசமாய் மணக்கிறது.

உன்னிடம் மட்டும் மதினி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததாகச் சொன்னார். அலாய் வீல் மேல் உனக்கு எவ்வளவு ஆசை என்று அவருக்குத் தெரியும். "எனக்கு ஒண்ணுமில்ல அத்தை, அடுத்த மாசம் போயிக்கலாம்" என்று அம்மாவையும் அடக்கிவிட்டார். அப்பாதான் எழுந்தார். "அவன் ஏசுனா நான் வாங்கிக்கிடுதேன். இந்தப் பிள்ளை எதுக்கு வாங்கணும்?" என்று சாவியை எடுத்துக்கொண்டு பூப்பாறைக்கு விட்டார்.

டயர் கடையில் நான் உன் கட்சி, சத்தியமாக. பதினாலு இஞ்ச் போட்டால் கார் குத்தவைத்த ஆடு மாதிரி ஆகிவிடும் என்று வாதாடினேன். கடைக்கார மாரீஸ்வரன் அண்ணன், "ரிம்முதான் சின்னது பாப்பா, ரப்பரு பெருசு. மொத்த உசரம் அப்படியேதான் இருக்கும். இனிமே கல்லோட அடியைக் காத்து வாங்கிக்கும், நீங்க வாங்க வேண்டாம்" என்றார். பிரேக்கில் உரசுகிறதா என்று சுற்றிப் பார்த்த பிறகே முடுக்கினார். வளைவில் கொஞ்சம் அசைகிறது. அழகும் குறைவுதான், பட்டுச்சேலைக்கு ரப்பர் செருப்புப் போட்டதுபோல.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். மதினி ஏறியதும் கைப்பிடியை இறுக்கிக்கொண்டார். முதல் கல் வந்தது, போனது. இன்னொன்றும் போனது. பிடி தளர்ந்தது. பூப்பாறை வருமுன் தூங்கிவிட்டார். அண்ணே, கட்டிலில் புரண்டு புரண்டு தவிக்கிறவர், ஓடுகிற காரில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்.

விடுவேனா? பையில் கண்மைப் பென்சில் இருந்தது. உன் முறுக்கு மீசையை அவர் மேலுதட்டில் வரைந்தேன். வண்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. இடதும் வலதும் ஒரே அளவு, ஓர் இழுப்பும் கோணவில்லை. அந்த டயருக்கு இதற்குமேல் என்ன சர்டிபிகேட் வேண்டும்? டாக்டரம்மா சிரித்து முடிக்கவே நேரம் ஆனது. பிள்ளை நன்றாக இருக்கிறதாம். இனி ஒரு செக்கப்பும் விடக்கூடாதாம்.

மதினி என்னைத் துரத்துவார் என்று ஓடத் தயாராக நின்றேன். துரத்தவில்லை. கார்க் கண்ணாடியில் முகத்தைப் பார்த்து, "உங்க அண்ணனை அப்படியே வரைஞ்சிருக்கட்டி" என்றார். வீடு வந்து சேரும்வரை துடைக்கவே இல்லை. போட்டோ இதோடு இருக்கிறது. வேறு யாருக்கும் அனுப்பவில்லை. என் சரித்திரத்திலேயே இது முதல் தடவை.

உன் அலாய் நான்கும் அம்மாவின் பழைய சேலையில் சுற்றி உன் கட்டிலடியில் பத்திரமாக இருக்கின்றன. பிள்ளை பிறந்து, கழுத்து நின்று, குலுக்கினால் சிரிக்கிற வயசு வரட்டும். நானே உருட்டிக்கொண்டு வந்து தருகிறேன்.

கிறிஸ்மஸுக்குக் கொச்சி ஏர்போர்ட்டில் இந்தக் காரோடு நிற்போம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்தாலும் சரி, வந்துவிடு. அப்பா ஒட்டிய கிரீடத்தோடு இருக்கிற நம் மாதா, உன்னைக் குலுங்காமல் கொண்டுவந்து சேர்ப்பாராக. முன்சீட் உனக்குத்தான். வழியில் மட்டும் தூங்கிவிடாதே. பென்சில் இன்னும் தீரவில்லை.

பிளாக் நீங்கக் காத்திருக்கும்,
நிமி